வன்னி வளவில் மலைப் பொப்பி: எதை நடுவது, எதை விடுவது

அக்காவின் மகள் நோர்வேயின் வடக்கே ட்ரொம்சோவில் இருக்கிறாள். இரண்டு வருசத்துக்கு முந்தி ஒரு ஆடி மாதம், அங்குள்ள தாவரவியல் பூங்காவுக்குப் போய்விட்டு வைபரில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பாறைகளுக்கு நடுவே ஒரு செடி, அதில் உள்ளங்கை அளவில் நீலப் பூ. சங்குப்பூவின் கடும் நீலம் இல்லை. மழை விட்ட மறுநாள் காலையில் இரணைமடுக் குளத்துக்கு மேலே ஒரு வானம் தெரியுமே, அந்த நீலம். நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து. "சித்தி, இது இமயமலைப் பொப்பி. விதை அனுப்பட்டோ? உங்கட முத்தத்தில வைச்சுப் பாருங்கோவன்" என்று கீழே எழுதியிருந்தாள்.

"பொறு பிள்ளை" என்று பதில் போட்டேன். அந்தப் பொறுமையில் இரண்டு மாரி போய்விட்டது. இதற்கிடையில் பொப்பி என்ற பெயரில் கிடைத்ததை எல்லாம் கிளிநொச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் வளவில் நட்டுப் பார்த்தேன். சில முளைத்தன, பல அழுகின, ஒன்று மனதுக்குப் பிடித்துப் போனது. வீட்டு முற்றத்தில் பொப்பி வைக்க ஆசைப்படுகிறவர்கள் காசையும் மினக்கேட்டையும் எதில் போடலாம் என்று முடிவெடுக்க இது உதவும்.

முதலில் அந்த நீலப் பொப்பி. மெக்கனொப்சிஸ் என்பது அதன் இனப் பெயர். இமயமலையிலும் திபெத்திலும் கடல் மட்டத்திலிருந்து 3000 மீற்றருக்கு மேலே, கோடையிலும் குளிரும் மூடுபனியுமாக இருக்கும் சரிவுகளில் வளர்வது. பூட்டானின் தேசியப் பூவும் இந்த இனம்தான். 1924 இல் பிராங் கிங்டன் வார்ட் என்ற ஆங்கிலேயத் தாவர வேட்டைக்காரர் திபெத்திலிருந்து விதை கொண்டுபோன பிறகுதான் பிரித்தானியத் தோட்டங்களில் இதற்கு ஒரு பைத்தியமே பிடித்தது. நமக்கு வேண்டிய கணக்கு வேறு. இலங்கையின் உச்சியிலே உச்சி பீதுருதாலகால மலை. அதன் உயரம் 2524 மீற்றர். இந்தப் பூவின் ஊர் அதற்கும் மேலேதான் தொடங்குகிறது. வவுனியாவே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர்தான்.

ட்ரொம்சோ மட்டும் மலை உச்சியா என்று மகளிடமே கேட்டேன். இல்லை, அது கடலோர ஊர்தான். ஆனால் அங்கே ஆடி மாதத்துச் சராசரி வெப்பமே 12 பாகை அளவில்தான். பொப்பிக்கு உயரம் வேண்டியதில்லை, உயரம் தருகிற குளிர்ச்சிதான் வேண்டும். பகலில் 25 பாகையைத் தாண்டினாலே அது சோர்ந்துவிடும். எங்களுக்கு 25 பாகை என்பது மார்கழி வாடையில் விடியப்புறம் போர்வை தேடுகிற நேரத்துக்குக் கிட்ட வரும் கணக்கு.

விதையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து விதைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படி முளைக்கவும் செய்யும். பிரச்சினை முளைப்பதில் இல்லை. இந்தச் செடி பூக்கப் பெரும்பாலும் இரண்டாவது வருசமாகும். அதற்குள் நடுவில் ஒரு சித்திரையும் ஒரு ஆவணியும் வரும். சோளகக் காற்று செம்புழுதியை வாரி முகத்தில் அடிக்கிற அந்த நாட்களில் முருங்கையே இலை உதிர்க்கப் பார்க்கும். போதாததற்கு அது புளிப்பு மண்ணைக் கேட்கும் செடி. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலைத் திறந்து பார்த்தால் அடியில் கோதுமை மாவைக் குழைத்து அப்பியது போல வெள்ளைப் படை. அந்தத் தண்ணீரைத்தான் செடிக்கும் விடவேண்டும். ஆகவே நீலப் பொப்பி வேண்டாம். இதில் எனக்கு இரண்டு மனது இல்லை.

விதை அனுப்புகிற விசயத்திலும் ஒன்று சொல்லவேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பயணப்பையில் சொக்கிளேற்றுக்கு நடுவே விதைப் பொட்டலம் செருகி வருவது எங்கள் பக்கம் சாதாரணம். அது சட்டப்படி பிழை. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், விதையோ கன்றோ கொண்டுவர முன் அனுமதி எடுக்கவேண்டும். அநியாயக் கெடுபிடி என்று நினைக்கிறவர்கள் வெளியிலிருந்து வந்த பாதீனியம் என்ற களையை நினைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் அது முதன்முதலாகப் பதிவானது வவுனியாவில், அதே 1999 இல்தான். பத்து வருசம் கழித்து நாங்கள் திரும்பி வந்து வளவு துப்புரவாக்கியபோது நாயுண்ணிக்கும் அதற்கும் நடுவே எங்கள் கிணறு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பிடுங்கிய கை இரண்டு கிழமை அரித்தது. மகளிடம் "விதை வேண்டாம் பிள்ளை, படம் மட்டும் அனுப்பு" என்றேன்.

இனி, இங்கே விதை கிடைக்கக்கூடிய பொப்பிகளுக்கு வருவோம். எதை எடுத்தாலும் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். பொப்பிக்குக் குளிர்ச்சியும் வேண்டும், காய்ந்த மண்ணும் வேண்டும். வன்னியில் இந்த இரண்டும் ஒன்றாக வராது. குளிர்ச்சி வருவது ஐப்பசி தொடங்கி மார்கழி வரை, மழையோடு. 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு அந்த மழையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மண் காய்கிறபோது வெய்யில் ஏறிவிடும். இரண்டுக்கும் நடுவே, மழை ஓய்ந்து பனி இறங்குகிற தையும் மாசியும்தான் இடைவெளி. பங்குனியில் பாதியைச் சேர்த்துக்கொண்டாலும் மொத்தம் பத்துக் கிழமை. இந்தப் பத்துக் கிழமைக்குள் முளைத்து, வளர்ந்து, பூக்கக்கூடிய பொப்பி எது என்பதுதான் கேள்வி. கடையில் விதைப் பொட்டலத்தின் படத்தைப் பார்த்து மயங்குவதை விட்டுவிட்டு, பின்பக்கம் எத்தனை நாளில் பூக்கும் என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.

ஐஸ்லாந்துப் பொப்பி இந்தக் கணக்கில் தோற்றுப்போகிறது. பெயரைத் தவிர அதற்கும் ஐஸ்லாந்துக்கும் பெரிய தொடர்பில்லை. வட ஆசியாவின் குளிர்ப் பிரதேசத்துச் செடி அது. வெள்ளை, மஞ்சள், செம்மஞ்சள், வெளிர் சிவப்பு என்று பட்டுத்துணியைக் கசக்கி விரித்தது போன்ற பூ. மலைப் பொப்பி என்று பலரும் மனதில் வைத்திருப்பது இந்த உருவத்தைத்தான். விதைத்து மூன்று மாதமாவது ஆகும். அப்படியென்றால் கார்த்திகையிலேயே, கொட்டும் மழைக்குள் நாற்றுப் போடவேண்டும்.

நான் போட்டேன். விறாந்தையில் யோகட் கப்புகளை அடுக்கி, அடியில் ஊசியால் துளை போட்டு, மணலும் உமிக்கரியும் கலந்து, கண்ணுக்கே பிடிபடாத விதையைத் தூவி வைத்தேன். முளைத்தது என்னவோ நன்றாகத்தான் முளைத்தது. இரண்டாம் கிழமை நாலு நாள் வெய்யிலே எறிக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை பார்த்தால் நாற்றுகள் அடித்தண்டு நூல் போலச் சுருங்கி, ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கின்றன. கத்தரி நாற்று மேடை போட்டவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். நாற்றழுகல் நோய்தான். நாற்பதுக்கு மேல் முளைத்ததில் மிஞ்சியது ஏழு. அதைச் சாடிக்கு மாற்றுகிறபோது வேர் அறுந்து நாலு போனது. ஒன்றை ஆபிரிக்க நத்தை ஒரு ராத்திரிக்குள் முடித்துவிட்டது. கடைசியில் பங்குனியில் ஒரே ஒரு செடி, ஒரு சாண் உயரத்தில், ஒரு மஞ்சள் பூ பூத்தது. மயிர் முளைத்த மொட்டு முதலில் நிலத்தைப் பார்த்துக் குனிந்து நிற்கும். பூக்கிற அன்று நிமிரும். அந்த நிமிர்வைப் பார்க்கக் காலையில் தேத்தண்ணீரோடு போய் நின்றேன். மத்தியானம் அம்மா கூப்பிட்டுச் சொன்னா, "உன்ர பூ கொட்டுண்டு போச்சு."

பிடிவாதக்காரர்கள் செய்து பார்க்கலாம். மழை படாத தாழ்வாரம், காலை வெய்யில் மட்டும் விழும் கிழக்குப் பக்கம், சாடியிலேயே நேரடியாக விதைப்பு, மண்ணின் மேல் தோல் காய்ந்த பிறகே தண்ணீர். இத்தனை செய்தாலும் அதிர்ஷ்டமும் கொஞ்சம் வேண்டும். நுவரெலியாவில் உறவினர் இருந்தால் விதையை அவர்களிடம் கொடுத்துவிடுவது நல்லது. 1868 மீற்றர் உயரத்தில், 16 பாகைச் சராசரியில் அவர்கள் பெரிதாக மினக்கெடாமலே பூக்க வைப்பார்கள்.

கலிபோர்னியாப் பொப்பிதான் எனக்குப் பிடித்துப் போனது. கலிபோர்னியா மாநிலம் 1903 இலேயே தன்னுடைய பூவாக எடுத்துக்கொண்டது. மழைக்காலத்தில் முளைத்து, மழை முடிந்ததும் பூத்து, கோடை வர ஒடுங்கிவிடுகிற வாழ்க்கை அதற்குத் தன் ஊரிலேயே பழக்கம். அதாவது மாரியும் கோடையும் என்ன என்று அதற்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. விதைத்து அறுபது எழுபது நாளில் பூத்துவிடும். மண்ணும் கொழுத்த மண்ணாக இருக்கத் தேவையில்லை, மணல் கலந்த ஏழை மண்ணே போதும். மாட்டெருவை அள்ளிப் போட்டால் இலைதான் காடாக வரும். கிறவல் கலந்த எங்கள் செம்மண்ணை வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பூக்கன்று குறை சொல்லாமல் ஏற்றுக்கொண்டது.

முதல் தடவை நான் வாங்கிய பொட்டலம் கைவிட்டது. யாழ்ப்பாணம் போன இடத்தில் ஒரு கடையில் வாங்கியது. பாதி முளைக்கவே இல்லை, முளைத்த மீதி வளர்ந்து சீனியாவாகப் பூத்தது. அடுத்த மாரியில் திகதி பார்த்து வேறு இடத்தில் வாங்கினேன்.

விதைக்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இதற்கு ஆணிவேர். நாற்று மேடை போட்டுப் பிடுங்கி நட்டால் கோபித்துக்கொண்டு நிற்கும். பூக்க வேண்டிய இடத்திலேயே விதைக்கவேண்டும். நான் முற்றத்தின் கிழக்கு ஓரத்தில், ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டினேன். செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, பழைய கூட்டெரு ஒரு பங்குக்கும் குறைவு. மார்கழி கடைசிக் கிழமை மழை கொஞ்சம் விட்டதும், விதையைக் காய்ந்த மணலோடு கலந்து, கோலமாவு தூவுவது போல விரலிடுக்கால் தூவி, உள்ளங்கையால் மெல்ல அமர்த்திவிட்டேன். மேலே தடிப்பாக மண் போடக்கூடாது. பத்து நாளுக்குள் சதகுப்பை இலை மாதிரிச் சாம்பல் பச்சையில் பொடிப் பொடியாக முளைத்தது. நெருக்கமாக வந்ததைப் பிடுங்கி, செடிக்குச் செடி ஒரு சாண் விட்டேன். அம்மா விளக்குமாறோடு காவல் இருந்தும் கோழிகள் ஒரு மூலையைக் கிளறிவிட்டன. பிறகு முள்ளுக் கொப்புகளை வெட்டிப் போட்டேன். மயிலுக்கும் அதே மருந்துதான்.

மாசி முடிகிற கட்டத்தில் மொட்டு வந்தது. அந்த மொட்டைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். இரண்டு புறவிதழும் ஒட்டி, கூரான ஒரு பச்சைத் தொப்பியாக மேலே நிற்கும். பூ விரிகிறபோது அந்தத் தொப்பியைக் கீறிக்கொண்டு வருவதில்லை. முழுசாகக் கழற்றித் தள்ளிவிடுகிறது. சில பூக்களில் பாதி கழன்ற தொப்பி ஒரு பக்கம் சரிந்து, சின்னப் பிள்ளையின் பிறந்தநாள் தொப்பி மாதிரி நிற்கும். உள்ளே செம்மஞ்சளில் நாலு இதழ். வெய்யில் ஏற விரியும், பின்னேரம் சுருட்டிக்கொள்ளும், மப்பு வானம் என்றால் திறக்கவே திறக்காது. பக்கத்து வீட்டு மாமி ஆறு மணிக்கு வந்து பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, உது பூக்காதோ?" என்று கேட்டா. "காலமை ஒன்பது மணிக்கு வாங்கோ மாமி" என்றேன். வந்தா. கையோடு விதையும் கேட்டா.

குறை என்று பார்த்தால், சித்திரை வருசப் பிறப்போடு கதை முடிந்தது. இலை மஞ்சளாகி, செடி காய்ந்து படுத்துவிட்டது. மொத்தம் ஐந்து கிழமைதான் பூ. இன்னொன்று, சாமிக்கு வைக்க உதவாது. பிடுங்கிய கொஞ்ச நேரத்தில் துவண்டுவிடும். செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் இருக்கிற வீட்டில் இது ஒரு பெரிய குறை இல்லை என்பது என் கட்சி. அம்மாவின் கட்சி வேறு. "சாமிக்கும் இல்லை, தலைக்கும் இல்லை, பிறகென்னத்துக்கு உது?"

நீங்கள் உண்மையான பொப்பியைத்தான் வைப்பேன் என்று நின்றால், நான் சொல்வது இதைத்தான், ஒரு பாத்தி மட்டும். வளவு முழுக்க வேண்டாம். கோடையில் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும்.

கசகசாவைத் தூவினால் பொப்பி முளைக்குமே என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். இதில் இரண்டு விசயம் இருக்கிறது. எங்கள் கடைகளில் பலூடாவுக்குப் போடுகிற, தண்ணீரில் ஊறி வழுவழுவென்று வீங்குகிற கசகசா பொப்பியே இல்லை. அது திருநீற்றுப்பச்சை இனத்தின் விதை. உண்மையான கசகசா அபின் செடியின் விதை. அதைப் பயிரிடுவது 1929 ஆம் ஆண்டின் அபின், அபாயகர ஒளடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். பூ அழகுக்காகத்தான் வைத்தேன் என்று பொலிசாரிடம் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பொப்பிக் குடும்பத்தில் எங்கள் ஊரில் யாரும் நடாமலே வளர்கிற ஒன்று உண்டு, பிரமதண்டு. வாய்க்கால் வரம்பிலும் றோட்டோரத்திலும் மஞ்சள் பூவும் வெள்ளை நரம்போடிய முள்ளிலையுமாக நிற்குமே, அதுதான். மெக்சிக்கோவிலிருந்து வந்த செடி. கொப்பை முறித்தால் மஞ்சள் பால் வடியும். அழகு என்று பார்த்தால் மற்றப் பொப்பிகளுக்கு அது ஒரு துளியும் குறைந்தது இல்லை. தண்ணீர் கேட்காது, ஆடு மாடு வாய் வைக்காது, தடிமன் கூட வராது. ஆனாலும் வீட்டுக்குள் கூப்பிட மாட்டேன். அதன் விதை கடுகைப் போலவே இருக்கும், நஞ்சும் கூட. 1998 இல் டெல்லியில் கடுகெண்ணெயில் இந்த எண்ணெய் கலந்ததால் உடல் வீங்கிப் பலர் இறந்தார்கள். சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற முற்றத்தில், கடுகு காயப்போடுகிற வீட்டில், இது வேண்டாம். வேலிக்கு வெளியே நிற்கட்டும், பார்த்து இரசிப்போம்.

பொப்பி என்ற பெயர் முக்கியமில்லை, அந்தச் சாயல் வருசம் முழுக்கக் கண்ணுக்கு வேண்டும் என்கிறவர்களுக்கு வழி சுலபம். டேர்னரா என்று ஒரு செடி. வெள்ளை இதழ், நடுவில் கறுப்போடிய ஊதா வட்டம். தூரத்தில் பார்த்தால் பொப்பிதான். தடி வெட்டி ஊன்றினால் வரும். காலையில் விரிந்து உச்சி வெய்யிலுக்கு மூடிவிடும், அடுத்த நாள் புதுப் பூ. இலைக் காம்பில் தேன் சுரப்பதால் எறும்பு மொய்க்கும், வெறுங்காலோடு பக்கத்தில் நிற்காதீர்கள். இதழின் பட்டுத்தன்மைதான் வேண்டுமென்றால் பத்துமணிப்பூ. பழைய ரயரிலோ உடைந்த பிளாஸ்ரிக் வாளியிலோ வைத்துவிட்டு மறந்து போனாலும் பூக்கும். சோளகத்துக்கும் அசையாது. புதிதாகத் தோட்டம் தொடங்குகிறவர்கள் இங்கே தொடங்கினால் மனம் உடையாது.

கார்த்திகைப்பூவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. பொப்பியோடு அதற்கு ஒரு உறவும் இல்லை. ஆனாலும் மகளின் படத்தைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அதுதான். மலைச் சரிவில் வருசத்தில் சில கிழமை மட்டும் பூத்து, மற்ற நாளெல்லாம் மண்ணுக்குள் ஒளிந்திருக்கிற பூவுக்கு எங்கள் பக்கத்து மறுமொழி அது. முதல் மழைக்குக் கிழங்கிலிருந்து எழும்பி, இலை நுனியால் வேலியைப் பிடித்து ஏறி, பச்சையாக விரிந்து மஞ்சளாகிச் சிவப்பில் முடியும். மற்றப்படி அதைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லை. கிழங்கு கடும் நஞ்சு. தோண்டி மாற்றுகிறபோது நுனியிலுள்ள முளையை உடைக்காதீர்கள், உடைந்தால் அந்த வருசம் எழும்பாது. மண் கிண்டியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எங்கள் வேலியில் ஒன்று நிற்கிறது. நாங்கள் நட்டதில்லை.

இந்த மாரிக்கு என் திட்டம் இதுதான். கிழக்கு ஓரத்துப் பாத்தி கலிபோர்னியாப் பொப்பிக்கு. அது சித்திரையில் காய்ந்ததும் அதே பாத்தியில் பத்துமணிப்பூ. படலையடியில் இரண்டு டேர்னரா. விதை எடுக்கிறபோது ஒரு கவனம் வேண்டும். கலிபோர்னியாப் பொப்பியின் காய் பயற்றங்காய் மாதிரி நீளமாக இருக்கும். முற்றினால் மத்தியான வெய்யிலில் படீரென்று வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும். வைக்கோல் நிறத்துக்கு வந்ததும், விடியப்புறம் பனி ஈரம் காயமுதல் கிள்ளி, கடதாசிப் பைக்குள் போட்டுக் கட்டவேண்டும். போன தடவை பையை மேசையில் வைத்துவிட்டுச் சமைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒவ்வொன்றாக வெடிக்கிற சத்தம் கேட்டு, பைக்குள் பல்லி விழுந்துவிட்டதென்று அம்மா எழும்பி வந்தா. அந்த விதைதான் இப்போது மருந்துப் போத்தலில், ஒரு கரண்டி உமிச்சாம்பலோடு, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாதி மாமிக்கு.